நாற்பத்தாறு சுற்று

தமிழு, குமாரு, இதை உங்க ரெண்டு பேருக்கும்தான் எழுதுறேன். போன்ல சொன்னா சிரிச்சிருவீங்க. பெரியவ "அது ஸ்ட்ரெஸ்ப்பா"ம்பா, சின்னவன் "அன்னைக்கு ஏதும் போட்டிருந்தீங்களாப்பா"ன்னு கேப்பான். அப்பாவுக்கு அந்தப் பழக்கம் இல்லைன்னு உங்களுக்கே தெரியும். பேய், பிசாசு, காத்து கருப்பு எதையும் நம்பினவன் இல்ல நான், ஆளே இல்லாத சைட்டுல மாசக்கணக்கா தனியாப் படுத்தவன். இப்ப நம்புறீங்களான்னு கேட்டா அதுக்கும் பதில் தெரியல. நடந்ததை நடந்தபடி எழுதுறேன், அதுக்கு மேல எனக்கே விளங்கல.

நீங்க மூணாவதும் ஒண்ணாவதும் படிச்சுக்கிட்டிருந்தப்ப நான் துபாய் தாண்டி ஃபுஜைரா பக்கம் மலைக்குள்ள ஒரு சின்ன அணையில வேலை பார்த்தேன். கம்பெனி ஆபீஸ் அபுதாபி முசஃபாவுல, எங்கள்ல கொஞ்சப் பேரை மட்டும் மெயின்டனன்ஸுக்கு அங்க போட்டிருந்தாங்க. அணைன்னதும் மேட்டூரை நினைச்சுக்காதீங்க. ரெண்டு மலைக்கு நடுவுல ஒரு பழைய கல்லுச் சுவர், தென்னை மர உயரம்கூட இருக்காது. வருஷத்துல முக்கால்வாசி நாள் உள்ள ஆடுதான் மேயும். ஆனா மலையில மழை விழுந்தா அரை மணி நேரத்துல காட்டு வெள்ளம் வந்துரும். அந்த வெள்ளத்தைச் சுவர் தாங்கிப் பிடிக்கணும், அடியில இருக்குற கேட் வழியா கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடணும், அடுத்த மழைக்குள்ள காலி ஆகிடணும். நம்ம ஊர்ல அணை நிறைஞ்சா பொங்கல் வைப்போம், அங்க நிறைஞ்சா பயம். அதுவும் அந்தச் சுவரோட இடது ஓரத்துல ரொம்ப நாளா ஒரு கசிவு. தண்ணி மேல ஏறி வழிஞ்சா அந்த ஓரம் நிக்காதுன்னு இன்ஜினியரே சொல்லியிருந்தார். கீழ ஏழு கிலோமீட்டர்ல, அந்த வறண்ட ஆத்துக் கரையிலயேதான் எங்க கேம்ப். நாப்பது பேரு.

கேட்டைத் தூக்கி இறக்க சுவர் மேல ஒரு இரும்புச் சக்கரம் உண்டு. அதைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும், சாவி என் இடுப்புக் கயித்துல. வாரம் ஒரு தடவை முழுசாத் திறந்து மூடிப் பார்த்து, பக்கத்துல தகரப் பெட்டிக்குள்ள இருக்குற ஷீட்டுல எழுதிக் கையெழுத்துப் போடணும். அதுதான் என் டூட்டி. இப்ப உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, நான் அதைச் செய்யல. சக்கரம் துருப்பிடிச்சு இறுகிப் போயிருந்தது, ரெண்டு ஆள் பைப்பு சொருகி நெம்பினாலும் முக்கும். மழையே இல்லாத ஊர்ல எதுக்கு இதுன்னு, மாசக் கடைசியில உக்காந்து நாலு வாரத்துக்கும் ஒண்ணா எழுதிருவேன். ஒரே மையில இருந்தா சந்தேகம் வரும்னு நீலம், கறுப்புன்னு பேனாவை மாத்தி மாத்தி எழுதுவேன். எனக்கு முன்னாடி இருந்தவன் சொல்லிக் கொடுத்துட்டுப் போன வழி அது. எல்லா சைட்டுலயும் அப்படித்தான்னான், நானும் நம்பிட்டேன்.

அந்த வருஷம் ஒரு திங்கக்கிழமை நல்ல மழை. அணை பாதிக்கு நிறைஞ்சு நின்னுச்சு. வெள்ளிக்கிழமை இன்னும் பெரிய மழை வருதுன்னு சொல்லி, வியாழக்கிழமை மத்தியானமே கேட்டை முழுசாத் திறந்து விடுன்னு இன்ஜினியர் உத்தரவு போட்டார். அவர் பாகிஸ்தான்காரர், நல்ல மனுஷன். வியாழன் எங்களுக்கு அரை நாள்தான். அன்னைக்கு துபாய் கராமாவுல இருந்து ஒரு ஆள் ஊருக்குப் போறார், உங்களுக்கு வாங்கி வச்ச ஸ்கூல் பேக்கை அவர்கிட்ட கொடுத்து விடணும். திரும்பி வந்து திறந்துக்கலாம்னு நானும் ரூம்மேட் பாண்டியும் கம்பெனி பிக்கப்பை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டோம்.

கராமாவுல ஹோட்டல் வாசல்ல நிக்கிறேன், கையில டீ. மூணரை மணி இருக்கும். போன் அடிக்குது, இன்ஜினியர்.

"கேட் குலா ஹை, பாய்?"

திறந்தாச்சான்னு கேக்குறார். நான் யோசிக்கவே இல்ல பிள்ளைகளா, வாய் தானா சொல்லுது: "ஹான் சார். குலா ஹை."

"ஷாபாஷ்"னு வச்சுட்டார்.

பாண்டி என்னைப் பார்த்தான். "ஏண்ணே, அணை அங்க இருக்கு, நீங்க இங்க இருக்கீங்க. கேட்டை என்ன ரிமோட்டுலயா திறந்தீங்க?"

"போற வழியில திறந்துருவோம்டா."

"ஆமா, அம்புட்டு நேரம் மழை உங்களுக்காகக் காத்துக் கெடக்கும்."

போற வழியில திறக்கல. பார்சல்காரர் லேட், ரோட்டுல கூட்டம், கேம்ப் வந்து சேரும்போது பத்தரை. காலையில பார்த்துக்கலாம்னு படுத்துட்டேன். படுத்ததும் தூங்கியும் போனேன், அதைத்தான் என்னால மன்னிக்க முடியல.

வெள்ளிக்கிழமை கண்ணு முழிச்சப்ப மணி ஒன்பது, வெளிய சாயங்காலம் மாதிரி இருட்டு. மலைப் பக்கம் இடி. பசங்க எல்லாம் லீவு நாள் சமையலுக்குக் கோழி வெட்டிக்கிட்டு, பாட்டைப் போட்டுக்கிட்டு ஒரே சிரிப்பு. பாண்டிய எழுப்பி, கேட்டு மூடித்தான் கெடக்கு, மாசக்கணக்கா தொட்டதே இல்லைன்னு எல்லாத்தையும் சொன்னேன்.

"அடப் பாவி மனுஷா! கீழ நாப்பது பேரு கெடக்கோம்ணே!" எனக்கு எட்டு வயசு சின்னவன், அன்னைக்குத்தான் முதல் தடவையா என்னை அப்படிப் பேசினான். கேம்ப்ல எல்லாரையும் மேட்டுக்கு ஏறச் சொல்லிட்டு ரெண்டு பேரும் வண்டியை எடுத்தோம். மழை கல்லெறியுற மாதிரி கண்ணாடியில விழுது.

அணைக்கிட்ட போறதுக்கு முன்னாடியே ஒரு சத்தம். சுவருக்குக் கீழ, வெளிப்பக்கம், குழாய் வாயில இருந்து தண்ணி பீய்ச்சிக்கிட்டுப் போகுது. பாண்டி பிரேக் போட்டான். "அண்ணே, மூடியிருக்குன்னீங்க?"

நான் மேல ஓடினேன். உள்பக்கம் எட்டிப் பார்த்தா, பாதி நின்ன தண்ணி இல்ல. அடியில கொஞ்சம்தான் கெடக்கு, சுத்தி ஈரச் சேறு, ஒரு ராத்திரி முழுக்க வடிஞ்சா எப்படி இருக்கும், அப்படி. சக்கரத்தோட தண்டு முழுசா மேல ஏறி நிக்குது, கேட் முழுசாத் திறந்திருக்குன்னு அர்த்தம். தண்டுல புது கிரீஸ், தொட்டா விரல்ல ஒட்டுது. சங்கிலி சுத்திப் பூட்டியிருக்கு. சாவி என் இடுப்புல.

நம்பினா நம்புங்க, நம்பாட்டி விடுங்க.

அப்புறம்தான் பெரிய வெள்ளம் வந்துச்சு. காப்பித்தண்ணி நிறத்துல, முள்ளு மரத்தை வேரோட புரட்டிக்கிட்டு. சுவர் அதிர்றது காலுக்குத் தெரியுது. ஏறுது, ஏறுது, இடது ஓரத்துக் கசிவு சேறாக் கக்குது, பாண்டி என் சட்டையைப் பிடிச்சு இழுத்து மேட்டுக்குக் கொண்டு போயிட்டான். தண்ணி சுவர் விளிம்புக்கு ஒரு முழம் கீழ வந்து நின்னுச்சு. அதுக்கு மேல ஏறல. முந்தின நாள் தண்ணி வடியாம இருந்திருந்தா எங்க போயிருக்கும்னு கணக்குப் போட எனக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்ல.

மழை விட்டதும் தகரப் பெட்டியைத் திறந்தேன். ஏன் திறந்தேன்னு தெரியல. ஷீட்டுல கடைசி வரி: வியாழக்கிழமைத் தேதி. மூணரை மணி. கேட் முழுசாத் திறந்தது, நாற்பத்தாறு சுற்று. கீழ கையெழுத்து. என் எழுத்து, பிள்ளைகளா. என் தமிழ்க் கையெழுத்து, கடைசிச் சுழிக்குக் கீழ நான் வைக்கிற புள்ளியோட.

பாண்டி வாங்கிப் பார்த்தான். "அந்நேரம் நீங்க என் பக்கத்துல டீ குடிச்சுக்கிட்டு இருந்தீங்கண்ணே"ன்னான். அவ்வளவுதான்.

மறுநாள் இன்ஜினியர் வந்து, என் முதுகைத் தட்டி, நாப்பது உசிரைக் காப்பாத்திட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னார். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். அடக்கம்னு நினைச்சுக்கிட்டார். இன்னொரு சாவி முசஃபா ஆபீஸ்ல உறையில போட்டு ஒட்டி இருந்தது, கேட்டேன், உறை பிரியவே இல்லையாம். மலைக்கு மேல ஆடு மேய்க்கிற பலூச்சிஸ்தான்காரர் ஒருத்தர்தான் அந்தப் பக்கம் இருக்கிற ஒரே ஆள், அவரையும் கேட்டேன், வியாழக்கிழமை எந்த வண்டியும் வரலைன்னார். நாலு நாள் கழிச்சுத் தண்ணி முழுக்க வடிஞ்சதும் நானும் பாண்டியும் கேட்டை மூடினோம். அவன் வாய்விட்டு எண்ணினான். நாற்பத்தாறுல நின்னுச்சு. நான் அதுவரைக்கும் முழுசா ஒரு தடவைகூட அதைச் சுத்தினதில்ல. எத்தனை சுத்துன்னு எனக்குத் தெரியாது, ஷீட்டுல அதுக்குக் கட்டமும் இல்ல. எனக்குத் தெரியாததை என் கை எப்படி எழுதும்?

அதைக்கூட ஏதோ ஒண்ணுன்னு விட்டுருவேன். அந்த வரியில இன்னொரு கட்டம் இருக்கு, எத்தனை ஆள் வேலை செஞ்சாங்கன்னு எழுதுற கட்டம். நான் எப்பவும் அதுல ஒண்ணுன்னுதான் போடுவேன். அன்னைக்கு வரியில ரெண்டுன்னு இருந்தது. இத்தனை வருஷம் கழிச்சும் அது நினைப்பு வந்தா எனக்குத் தூக்கம் போயிடுது. ஒண்ணு நான்னே வச்சுக்கிட்டாலும் இன்னொண்ணு யாரு?

அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாரும் தூங்கினப்புறம், மத்தியானம், பாண்டிகிட்டகூடச் சொல்லாம நான் மட்டும் வண்டியை எடுத்துக்கிட்டுப் போனேன். வெயில், ஒரு குருவிகூட இல்ல. பூட்டைத் திறந்து, பைப்பைச் சொருகி, தனியாத் திருப்பினேன். கூட யாரோ கை கொடுத்த மாதிரி இருந்துச்சுன்னு சொன்னா அது பொய். கனமாத்தான் இருந்தது, உள்ளங்கை உரிஞ்சு போச்சு. நாற்பத்தாறு சுத்தித் திறந்தேன், நாற்பத்தாறு சுத்தி மூடினேன். பெட்டியைத் திறந்து ஷீட்டை எடுத்துத் தேதி எழுதினேன், மணி எழுதினேன், சுத்து எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். ஆள் எண்ணிக்கைக்கு வந்ததும் ஒண்ணுன்னு போடப் பேனாவை வச்சேன், கை ஓடல. தெரியாததை இனிமே எழுதக் கூடாதுன்னு பட்டது. அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டு, பெட்டியைச் சாத்திட்டு வந்துட்டேன்.