குளத்துக்குக் காய்ச்சல் பார்க்கிறவன்

தண்ணீருக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பிழைக்கிற தொழில் என்னுடையது. மீன் தீவனக் கடை ஒன்றின் சார்பில் சிதம்பரத்திலிருந்து குறிஞ்சிப்பாடி வரை குளம் குளமாகப் போய், தண்ணீரில் எவ்வளவு சூடு, மீன் மூச்சுவிட எவ்வளவு காற்று என்று அளந்து சொல்ல வேண்டும். மே மாதத்தில் பைக்கில் ஊர் சுற்றுகிற என் இனத்தாருக்கு அந்த சீட்டின் சூட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

டீக்கடை விசாரணை

சிதம்பரத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கிற கடையின் மாஸ்டர், என் பையிலிருந்த மீட்டரைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். சொன்னேன். பாய்லரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தண்ணி சூடா இருக்குன்னு சொல்றதுக்கு ஒரு சம்பளமா? நான் விடியக்காலையிலேருந்து அதத்தான பாத்துக்கினு நிக்கிறேன்!"

அடியில் ஏசி

சேகர் என்னோடு பள்ளியில் படித்தவன். துபாய் வேலையை விட்டுவிட்டு வந்து குறிஞ்சிப்பாடி பக்கம் குளம் வெட்டி, கட்லாவும் ரோகுவும் விட்டிருந்தான். மீன் தேறாவிட்டால் மறுபடியும் துபாய்தான். அதனாலேயே கொண்டுவந்த பெட்டியைப் பரணில் ஏற்றாமல் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்தான். அதைத் தாண்டித்தான் அவன் மனைவி விஜயா தினமும் வீடு பெருக்கினாள்.

அவனுக்கு மீட்டர் வேண்டாம், கால் போதும். இடுப்பளவு தண்ணீரில் நின்று, மேலே கொதிக்கிறது, காலடியில் ஜில்லென்று இருக்கிறது என்று சந்தோஷப்பட்டான். நான் மீட்டரை அடிவரை இறக்கினேன். குளிர்ச்சி இருந்தது, காற்று இல்லை. வெயிலில் மேல்தண்ணீர் சூடேறி மூடி போட்டதுபோல் கிடக்கும். முன்பெல்லாம் இரவில் அது ஆறி, அடித்தண்ணீரோடு கலந்துவிடும். இப்போது இரவிலும் புழுக்கம், குளம் ஆறுவதே இல்லை. அதனால் தண்ணீரைக் கலக்கிவிடுகிற துடுப்பு மெஷினை நிறுத்தாமல் ஓட்டச் சொன்னேன்.

"மீனு அடியில ஏசி போட்டுப் படுத்திருக்குது மச்சான், நீ எதுக்கு அத எழுப்புற?"

முனகினாலும் மெஷினை ஓட்டினான்.

மழை பெய்த மறுநாள்

ஒரு சாயங்காலம் திடீரென்று நல்ல மழை. ஊரே வாசலில் நின்று நனைந்தது. நானும் நிம்மதியாகப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். விடிந்ததும் விஜயா போன் செய்தாள். மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கிறதாம்.

போய்ப் பார்த்தால் மெஷின் சும்மா நிற்கிறது. மழை வந்துவிட்டதே, குளம் குளிர்ந்துவிட்டதே என்று சேகர் இரவே நிறுத்தியிருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் அவனையே குளத்தில் தள்ளியிருப்பேன். மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, மெஷினுக்கு எட்டாமல் கிடந்த காற்றில்லாத அடித்தண்ணீர் மேலே வந்து குளம் முழுக்கக் கலந்துவிட்டது. மெஷின் ஓடியிருந்தால் கலக்கக் கலக்கக் காற்றும் ஏறியிருக்கும். மழையைப் பார்த்ததும் மெஷினை நிறுத்துவதுதான் எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிற தப்பு.

கரையில் அதற்குள் நாலு பேர் கூடையோடு வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் சேகரிடம் ரொம்ப அக்கறையாக விசாரித்தார்.

"சாவுறதுக்குள்ள புடிச்சா கொழம்புக்கு ஆவும், என்னா சொல்ற தம்பி?"

பெட்டி

சேகர் ஓடிப்போய் மெஷினைப் போட்டான். நான் போர் மோட்டாரைப் போட்டு, குழாயை உயரத் தூக்கிக் கட்டித் தண்ணீரைப் பீய்ச்சவிட்டேன். கொஞ்சம் மீன் செத்து ஒதுங்கியது. மற்றவை வாயைப் பிளந்தபடியே இருந்தன. சேகர் கரையில் உட்கார்ந்து, போன வருஷம் வேலை பார்த்த துபாய் கம்பெனிக்காரன் நம்பர் இன்னும் போனில் இருக்கிறது என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னான்.

வெயில் ஏற ஏற, வாய்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. மீட்டரை இறக்கினேன், அடியிலும் காற்று இருந்தது. அப்பாடா என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். கூடைக்காரர்கள் முகம் தொங்கிப்போய்க் கிளம்பினார்கள். விஜயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"மீனு கீழ போயிடுச்சு இல்ல? நீங்க போயி அந்தப் பெட்டியத் தூக்கிப் பரண் மேல போடுங்க!"

வெயிலைக் கண்டு மட்டும் பயந்துகொண்டிருந்த எங்கள் தொழில் முன்னேறி, இப்போது மழைக்கும் சேர்த்துப் பயப்படுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.