தண்ணீரில் நின்ற சோயா

அடுத்தவர் நிலத்துக்கு யோசனை சொல்லிச் சம்பளம் வாங்குகிற பிழைப்பு எங்களுடையது. மழை பெய்தாலும் திட்டு, பெய்யாவிட்டாலும் திட்டு. உங்களில் யாராவது இதே வேலையில் மாட்டியிருந்தால் கையைக் கொடுங்கள், சேர்ந்து அழுவோம்.

வரப்பு

ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் சென்றாயனுக்கு இருப்பது ஒரே ஒரு துண்டு நிலம். வருஷா வருஷம் சாமை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை, இந்த முறை முழுக்கச் சோயா போடுங்கள் என்று நான்தான் கிளப்பிவிட்டேன். பயிர் இடுப்புயரம்கூட வரவில்லை, அடைமழை பிடித்துக்கொண்டது. ஷேர் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால், வயல் குளமாகக் கிடக்கிறது.

வரப்பை வெட்டித் தண்ணீரை வெளியே விடுங்கள் என்றேன். அவர் மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மலையில் பெய்கிற மழை நிற்காமல் கீழே ஓடிவிடும். அதை மறித்து வைக்கத்தான் கல்லும் மண்ணுமாக அந்த வரப்பையே அவர் போட்டிருந்தார். கடைசியில் சின்னதாக ஒரு வாய் வெட்டிவிட்டுச் சொன்னார்:

"வந்த தண்ணிய தொரத்தி வுட எங்களுக்கு யாரும் கத்துக் குடுக்கல சார்."

தாகம்

சின்ன வாயில் எவ்வளவு வடியும்? அடுத்த முறை போனபோது பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. இலையெல்லாம் மஞ்சள், செடியெல்லாம் வாட்டம். வெயிலில் காய்ந்த மாதிரி தலை தொங்கிவிட்டது. சென்றாயனின் மனைவி ராஜாமணி, இன்னா இது என்று கேட்டாள்.

ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சைக் கீறிக் காட்டினேன். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டியது அழுகிப் பழுப்பாக இருந்தது. மண்ணில் காற்று இல்லாததால் வேருக்கு மூச்சு முட்டுகிறது, முடிச்சு செத்தால் தழைச்சத்து கிடைக்காது, மூச்சு முட்டிய வேரால் தண்ணீரையும் இழுக்க முடியாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"தண்ணில நின்னுக்கினே தண்ணி இல்லாம சாவுதா? நல்ல பயிரா பாத்துதான் குடுத்தீங்க."

போட்டோ

மலையிறங்கி ஒடுகத்தூர் வந்ததும் அலுவலகத்து நண்பருக்கு போன் போட்டேன். நிலம் மூழ்கிவிட்டது, அந்த வீட்டின் வருஷச் சாப்பாடே அதுதான், ஏதாவது வழி சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். உடனே சொன்னார்:

"பச்சையா கீற மூலையா பாத்து நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க."

வெள்ளை

மழை விட்ட பிறகு பயந்துகொண்டேதான் போனேன். வயலின் ஓரத்தில் இருந்த ஒரு செடியைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தண்டின் அடியில், தண்ணீர் நின்ற இடத்தில், பஞ்சு மாதிரி வெள்ளையாகப் புடைத்திருந்தது. அதற்கு மேலே வெள்ளை வெளேரென்று புது வேர்கள். கீழே மூச்சு முட்டிய செடி, காற்றை உள்ளே இறக்கத் தானாக ஒரு வழி செய்துகொண்டிருக்கிறது. பிழைத்துவிடும் என்று நினைத்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஓடிப்போய் அடுத்த செடியைப் பார்த்தேன். தண்டு வழவழவென்று இருந்தது, அடியில் சாம்பல். அதற்கடுத்த செடியும் அப்படித்தான். புளியமரத்தில் வெள்ளையாகப் பூசணம் ஏதாவது பூத்தால், அதைச் சுரண்டிவிட்டுச் சாம்பல் பூசுவது இங்கே வழக்கம். புருஷனும் பெண்டாட்டியும் வயல் முழுக்கக் குத்துக்கால் போட்டு நகர்ந்து, கத்தி முனையால் அத்தனையையும் சுரண்டி எடுத்திருந்தார்கள். நான் பார்த்தது, புல்லுக்குள் மறைந்து தப்பிய செடி. சென்றாயன் கையில் ஒட்டிய சாம்பலைத் தட்டிக்கொண்டே வந்தார். இத்தனை நாளில் அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

"ஒரு செடி வுடாம நோவ எடுத்துட்டோம் சார், இனிமே பொழச்சிக்கும் இல்ல?"

மழையைத் தாங்கிக்கொண்ட அந்தச் சோயாவால், எங்கள் மூன்று பேருடைய அக்கறையைத்தான் தாங்க முடியவில்லை.