ஒரே கருத்தாகிப் போன எங்கள் தெரு

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த புதிது. திருவனந்தபுரத்தில், வலியசாலைக் கோயில் தெருவில் அப்போது எங்கள் வீடு. எனக்கு வேலை, தலைமைச் செயலகத்துக்கு எதிர்ச் சாரியில் இருந்த ஒரு தனியார் அலுவலகத்தில். எதிர்ச் சாரி என்பதை மறந்துவிட்டு, அரசாங்கமே என்னைக் கேட்டுத்தான் நடக்கிறது என்று தெருவில் பலர் நம்பினார்கள். நானும் அதைத் திருத்தப் போகவில்லை. அப்படித்தான் தெருக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன். இன்னொரு காரணமும் உண்டு. சங்கத்தில் ஈமெயில் முகவரி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அதற்கு யாரும் இதுவரை ஒரு வரிகூட அனுப்பியதில்லை என்பதை நான் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

அந்தச் சமயம் அரசாங்கத்தில் ஒரு துறை, தான் கொண்டுவரப்போகும் கொள்கையின் வரைவை இணையதளத்தில் போட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்தது. உதவி கேட்டு வரும் மனுக்கள் எல்லாம் இனி வெளிப்படையாக இருக்கும் என்பதுதான் அதன் சாரம். சிகிச்சைக்கு உதவி கேட்டால், கேட்டவர் யார், எந்த வீடு, என்ன நோய், கோப்பு இப்போது எந்த அதிகாரியின் மேசையில் கிடக்கிறது என்று எல்லாவற்றையும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு ஒரே ஆச்சரியம். சட்டம் போட்டுவிட்டு நம்மிடம் சொல்லுவார்கள், தெரியும். போடுவதற்கு முன்னால் கேட்பார்களா? கேட்டால், நாம் சொல்வதை யார் படிப்பார்? ஒரு மனிதர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிப்பாரா, இல்லை அது நேராக ஏதாவது கிணற்றில் போய் விழுமா? இதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் வம்பில் எனக்கு இருந்த அக்கறை அத்தனையும் அந்த ஒரு வாரம் ஜனநாயகத்தின் பக்கம் திரும்பிவிட்டது.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம். தண்ணீர் வரவில்லையா, தெருவிளக்கு எரியவில்லையா, உடனே ஒரு பெரிய மனு எழுதி, தெருவில் இருப்பவர்கள், இல்லாதவர்கள், வாடகைக்கு வரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவோம். அதற்கு ‘பீமஹர்ஜி’ என்று பெயர். பீமன் மாதிரி கனமாக இருந்தால்தான் மந்திரி கையை நீட்டுவார் என்பது நம்பிக்கை. இணையத்திலும் அதையே செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு கருத்தை நானே ஆங்கிலத்தில் எழுதினேன். அதில் இருந்த பாதிச் சொற்களுக்கு எனக்கே அர்த்தம் தெரியாது. கம்பீரமாக இருந்தன, போட்டுக்கொண்டேன். மக்களிடமிருந்து எதையும் மறைக்காதீர்கள், எல்லாவற்றையும் திறந்து வையுங்கள் என்பது உள்ளடக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரு மொத்தமும் முக்குக்கடை இன்டர்நெட் கஃபேயில் வரிசையில் நின்றது. ஒவ்வொருவராக வந்து நாற்காலியில் உட்காருவார்கள். நான் பக்கத்தில் நின்று என் கருத்தை அப்படியே ஒட்டி, அவர்கள் பெயரையும் வீட்டு எண்ணையும் அடித்துக் கொடுப்பேன். பொத்தானை மட்டும் அவர்களே அமுக்க வேண்டும். ஒரு பெரியவர் அமுக்குவதற்கு முன்னால் கண்ணை மூடிப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டார்.

கஃபேக்காரர் நடுவயது மலையாளி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாரே, எல்லாரும் ஒரே காரியம் தன்னே அயச்சா எந்தா குணம்?" என்று கேட்டார். ஒரே விஷயத்தை எல்லோரும் அனுப்பி என்ன பயன் என்கிறார். கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு அரசியல் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்து, அவரைப் பார்த்து ஒரு பரிதாபச் சிரிப்புச் சிரித்தேன்.

அடுத்து வந்தவர் எதிர்வீட்டு மாமி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுப்பவர். என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், ‘செக்ரட்டரி சார்’தான். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று பிரித்தெடுக்க முடியாது.

"செக்ரட்டரி சார், சித்த நகர்ந்துக்கோங்கோ. நானே அடிச்சுக்கறேன்."

"எதுக்கு மாமி சிரமம்? நான் எழுதினது ரெடியா இருக்கு. ஒட்டினா ஆச்சு."

"படிச்சேன். நல்ல இங்கிலீஷாக்கும். ஆனா எனக்கு அது வேண்டாம். வேறயாக்கும் நான் எழுதப்போறேன்."

எனக்குச் சுருக்கென்றது. தெருவே ஒரு குரலில் பேசும்போது ஒருவர் மட்டும் மாறினால் பீமனுக்கு என்ன மரியாதை? அரசாங்கம் எல்லாவற்றையும் திறந்து காட்டுகிறேன் என்கிறது, வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். வரிசையில் முன்னால் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

மாமி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"நீங்க குருவாயூருக்குப் போயிருந்தேளே ஒரு வாரம். அப்போ மெடிக்கல் காலேஜ்ல மருந்து வாங்கற வரிசையில உங்களுக்குப் பின்னாலதான் நான் நின்னேன், கேட்டேளா."

நான் குருவாயூர் போகவில்லை. மூல வியாதிக்கு ஆபரேஷன். தெருவில் சொன்னால் ஆயுசுக்கும் கிண்டல் செய்வார்கள் என்று (வேறு யாருக்காவது வந்திருந்தால் நானே செய்திருப்பேன்) பகவான் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

"கையில காத்தடிச்ச ரப்பர் வளையம் ஒண்ணு வெச்சிண்டிருந்தேள். நீச்சலுக்குன்னு நெனச்சுக்கலை நான்."

"மாமி..."

"ஆர்கிட்டயாவது சொன்னேனா? இல்லையே. அது உங்காத்துச் சமாச்சாரம். எங்காத்திலயும் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை. சகாயம் கேட்டு மனு கொடுத்திருக்கேன். மருந்துக்குக் காசு தண்ணியா ஓடிண்டிருக்கு. இந்தக் கொள்கை இப்படியே வந்தா, ஆருக்கு என்ன சீக்குன்னு இந்தத் தெரு மொத்தம் இதே கடையில வந்து வாசிக்கும். முதல்ல வாசிக்கறது நீங்களாத்தான் இருப்பேள்."

கடைசி வாக்கியம் சத்தியமான உண்மை. நகர்ந்து நின்றேன்.

பிறகு அவர் அடித்தார். அப்பப்பா, என்ன வேகம். விசைப்பலகை உடைந்துவிடும் என்று கஃபேக்காரர் எட்டிப் பார்த்தார். சின்ன சின்ன வாக்கியங்கள். ஒன்றிலும் கம்பீரம் இல்லை, எல்லாம் எனக்குப் புரிந்தன. கோப்பு எந்த அதிகாரியிடம் எத்தனை நாள் தூங்குகிறது என்பதை ஊருக்கே காட்டுங்கள். படுத்திருப்பவரின் பெயரையும் நோயையும் காட்டாதீர்கள். மனுவுக்கு ஒரு எண் கொடுத்தால் போதும், எங்கள் எண் எது என்று எங்களுக்குத் தெரியும். பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினார். பெயர் கட்டாயமில்லை என்று அந்தக் கட்டத்தின் கீழே எழுதியிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

மாமி போன பிறகும் வரிசை நீளமாக இருந்தது. ஒவ்வொருவரும் அமுக்கப்போகும் பொத்தான் மாமி வீட்டு ஜன்னலைத் திறக்கப்போகிறது. எழுந்து நின்று, "அரசாங்கத்தோட பெட்டி நெறஞ்சு போச்சாம், இனி எடுக்காதாம்" என்று அறிவித்தேன். கஃபேக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் தெரு நம்பியது. தண்ணீர்த் தொட்டி நிறைந்து மட்டும்தான் அந்தத் தெரு பார்த்ததில்லை. மற்ற எதுவும் நிறையும் என்று நம்பும்.

அனுப்பியதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கஃபேக்காரரிடம் கேட்டேன். முடியாது என்றார். அப்புறம்தான் பயம் வந்தது. என் பக்கம் ஏற்கெனவே அரைத் தெரு அனுப்பியாகிவிட்டது. மாமி பக்கம் மாமி மட்டும். ஓட்டுக் கணக்கில் பார்த்தால் டெபாசிட் தேறாது. தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் கஃபேயில் போய் உட்கார்ந்தேன். அந்தத் தளம் திறப்பதற்குள் ஒரு சாயா குடித்துவிட்டு வரலாம். ‘கருத்துகள் பரிசீலனையில் உள்ளன’ என்ற ஒரே வரி பல வாரம் அசையாமல் நின்றது. எதிர்ச் சாரியில் அந்தக் கட்டிடத்தைப் பார்க்கும்போதெல்லாம், எந்த ஜன்னலுக்குப் பின்னால் என் ஆங்கிலத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்களோ என்று தோன்றும்.

ஒருநாள் அந்த வரி மாறியிருந்தது. வந்த கருத்துகளையும், ஒவ்வொன்றுக்கும் துறை சொன்ன பதிலையும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஆக, உண்மையாகவே யாரோ படித்திருக்கிறார்கள். என்னுடையதைத் தேடினேன். அரைத் தெருவும் அனுப்பியது ஒரே ஒரு தடவைதான் இருந்தது. ‘பலர் இதே வாசகத்தை அனுப்பியுள்ளனர், ஒரே கருத்தாகக் கொள்ளப்படுகிறது’ என்று பக்கத்தில் குறிப்பு. பதில்: ‘கவனத்தில் கொள்ளப்பட்டது.’ அரசாங்க பாஷை தெரிந்தவர்களுக்கு அதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

கொஞ்சம் கீழே, பெயரில்லாத ஒரு கருத்து. பதில்: ‘ஏற்கப்பட்டது. வரைவு திருத்தப்படும்.’

கஃபேக்காரர் என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, "ஞான் அன்னே பறஞ்ஞில்லே சாரே" என்றார். ஆமாம் சேட்டா, அன்றைக்கே சொன்னீர்கள் என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். தோற்றுப்போனவன் இவ்வளவு சந்தோஷப்பட்டு அவர் பார்த்திருக்க மாட்டார்.

இறுதிக் கொள்கை வந்தபோது மனு எண்ணும், அது எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது என்பதும்தான் பொதுவில் தெரிந்தன. அரசாங்கம் நாம் சொன்னதைக் கேட்டுத் திருத்தியிருக்கிறது என்று மட்டும் தெருவில் எப்படியோ பரவிவிட்டது. எல்லாம் பீமஹர்ஜியின் மகிமை என்று சங்க ஆண்டுக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உண்மையைச் சொன்னால் மாமியின் மனுவைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். ஆகவே மைக் முன்னால் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக, நன்றி என்ற ஒரு சொல்லோடு இறங்கினேன். கடைசி வரிசையில் மாமி பலமாகக் கைதட்டினார். இறங்கி வரும்போது, "பேச்சு நன்னாருந்தது செக்ரட்டரி சார்" என்றார்.

அரசாங்கம் எதைப் பற்றியாவது கருத்துக் கேட்டால் இன்றும் முதல் ஆளாகப் போய் எழுதுகிறேன், யாருடைய வாசகத்தையும் ஒட்டாமல், எனக்கு நிஜமாகவே தெரிந்த ஒரு விஷயத்தை மட்டும். அந்த வீட்டில் அன்று படுத்திருந்தது யார், என்ன நோய் என்று எனக்கு இதுநாள் வரை தெரியாது. எதிர்வீட்டில் என்ன குழம்பு என்று தெரியாமல் கைகழுவாதவனாகிய நான், கேட்கத் துடித்தும் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியைத்தான் பொதுவாழ்வில் நான் செய்த உருப்படியான காரியமாக நினைக்கிறேன்.