டப்பாவுக்குள் ஈரம்

உத்திரமேரூருக்கு வெளியே, எங்கள் வீட்டுக்கு இரண்டு மனை தள்ளி ஒருவர் அஸ்திவாரம் தோண்டினார். ஜேசிபி ஒரு கரையான் புற்றை வாரியபோது மண்ணோடு பாம்பு முட்டைகளும் வந்தன. என் கணவருக்குக் கம்பெனி வேலை. மிச்ச நேரத்தில் பாம்பு பிடிப்பார். அவர் வனக்காவலரிடம் கேட்டார். குஞ்சு பொரிக்கும்வரை நீங்களே வைத்துப் பாருங்கள் என்று வனக்காவலர் சொல்லிவிட்டார். முட்டைகள் எங்கள் கூடத்து அலமாரிக்கு வந்தன.

"இன்னா பாம்பு?" என்று கேட்டேன்.

"சாரையாத்தான் இருக்கும்."

"இருக்கும்னா?"

"தாயை யாரும் பாக்கல மே. பக்கத்துல சாரை உரிச்ச சட்டை கெடந்துச்சு. அத வெச்சி சொல்றேன்."

மூடியில் காற்றுத் துளைகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூளைப் பரப்பி, முட்டைகளைப் பாதி புதைத்தார். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். புள்ளி மேலேயே இருக்கவேண்டும். புரட்டினால் உள்ளே இருப்பது செத்துவிடுமாம். ஈரம் குறைந்தால் முட்டை குழிவிழும், கூடினால் பூஞ்சை பிடிக்கும் என்றும் சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

கத்திரி வெயிலில் ஒரு மதியம் டப்பாவைத் திறந்தேன். முட்டைகள் காற்று இறங்கிய பந்துபோல ஒடுங்கிக் கிடந்தன. ஃபேன் காற்று நேராக டப்பாவின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தது. அவரைக் கூப்பிட வழியில்லை. கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கிவைத்துவிடுவார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "காஞ்சா காஞ்சிட்டுப் போவுது, உட்டுடு. நல்லபாம்பா இருந்தா இன்னா பண்ணுவ? கொயந்த தவயற வூடு இது."

அவர் கேட்டதில் தப்பில்லை. என் மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். பேசாமல் மூடிவைத்தால் எல்லாம் தானாக முடிந்துவிடும். ஆனால் குழிவிழுந்த அந்த முட்டைகளைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. டப்பாவை ஆடாமல் தூக்கிச் சமையலறையில் வைத்தேன். முட்டைமேல் படாமல் ஓரமாக ஸ்பூனால் தண்ணீர் விட்டேன். காற்றுத் துளைகளில் பாதியை டேப் ஒட்டி அடைத்தேன்.

மறுநாள் முட்டைகள் உப்பியிருந்தன. ஆனால் மூடியின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளிகள்; ஓர் ஓரத்து முட்டையில் வெள்ளைப் பூஞ்சை.

"தண்ணி ஜாஸ்தி," என்றார் கணவர். மூடியைத் துடைத்து, டேப்பில் கொஞ்சத்தைப் பிய்த்தார். அதன்பின் காலையும் மாலையும் திறந்து பார்ப்பது என் வேலையாயிற்று. மூடியில் லேசான ஆவி மட்டும் படிந்திருந்தால் சரி.

ஆடி மாதம், அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், ஒரு முட்டை கிழிந்து மூக்கு நுனி தெரிந்தது. குழந்தையை அக்காவிடம் கொடுத்தேன். துளைகளை மறைக்காமல் மூடியின் மேல் அம்மிக் குழவியைப் பாரமாக வைத்தேன். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, அவர் வரும்வரை வெளியிலேயே நின்றேன். உள்ளே ஏதோ உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். வெளியே வந்திருந்த ஒரு குஞ்சைப் பாம்பு பிடிக்கும் கொக்கியால் மெல்லச் சீண்டினார். அது படம் எடுக்கவில்லை.

"கண்ணு எவ்ளோ பெருசா கீது பாரு. சாரைதான் மே."

அக்காவிடம் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பூஞ்சை பிடித்த முட்டையும் வேறு இரண்டும் பொரியவே இல்லை. மற்றவற்றிலிருந்து வந்த குஞ்சுகளை வனக்காவலரோடு போய் ஏரிக்கரையில் விட்டோம். எந்தப் பக்கம் போயின என்று பார்ப்பதற்குள் புல்லுக்குள் மறைந்துவிட்டன. அக்கா மட்டும் அதன்பின் ரொம்ப நாள் எங்கள் சமையலறைப் பக்கமே வரவில்லை.