டெல்மர் சொன்ன சாட்சி

வெர்னா ஹக்கபி, கன்சாஸ் எல்லையோரத்துக் கார்வெல் ஊரில் இருபத்திரண்டு வருஷம் நாலாம் வகுப்பு டீச்சராக இருந்தவள். மாநில சட்டசபைக்கு ஜெயித்துப் போன பிறகும் அவள் கேட்டது ஒன்றுதான்: படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கொரு தனி டீச்சர். நாலு வருஷமாக அந்த மசோதா கமிட்டியைத் தாண்டவில்லை.

அவளை அப்படிக் கேட்க வைத்தது டெல்மர் ப்ரூட். எழுத்துக்கூட்டவே தெரியாதவனைப் பாஸ் போட்டு மேலே தள்ளிவிட்டவள் அவள்தான். அந்த வருஷம் வகுப்பில் முப்பத்தோரு பிள்ளைகள். இப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது. தீவனக் கிடங்கில் மூட்டையின் நிறத்தைப் பார்த்தே சமாளித்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் வருஷம் அவன் வீட்டுக்கே போனாள்.

"கமிட்டி முன்னாடி சாட்சி சொல்ல வர்றியா டெல்மர்?"

"எனக்குப் படிக்க வராதுன்னு மொதலாளிக்குத் தெரியாதே, மிஸ்."

"அதையெல்லாம் யாரு பாக்கப்போறா?"

சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான்.

கமிட்டித் தலைவர் ஸ்டோவால் அவன் பேச்சைச் சிரித்த முகமாகக் கேட்டார். பிறகு மசோதாவின் முதல் பக்கத்தை நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் படிங்க தம்பி. நிஜமாவே வராதான்னு நாங்களும் பாக்கணுமில்ல?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டெல்மர் திரும்பி வெர்னாவைப் பார்த்தான். மைக் அவள் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் மூலையில் கேமரா ஓடுவதையும் அவள் பார்த்துவிட்டாள். இது வெளியே போனால் மாநிலமே கொதிக்கும். வாயை மூடிக்கொண்டாள்.

முதல் சொல்லிலேயே இரண்டு நிமிஷம் திக்கினான் டெல்மர்.

"உங்க நாலாங்கிளாஸ் டீச்சர் யாரு?" என்றார் ஸ்டோவால்.

"ஹக்கபி மிஸ்தான் சார்."

இந்த முறை அறையே சிரித்தது.

அவள் நினைத்தபடியே மாநிலம் கொதித்தது. மூன்றே வாரத்தில் மசோதா நிறைவேறியது. அதற்குள் டெல்மரின் வேலை போயிருந்தது.

"மாட்டு மருந்து கலக்குற எடம்டா இது. லேபிள் படிக்கத் தெரியாதவனை எப்படி வெச்சுக்கிறது?" என்று முதலாளி அனுப்பிவிட்டார்.

ஆளுநர் கையெழுத்திடும் விழாவுக்கு அழைக்க வெர்னா போனாள். டெல்மர் கதவைப் பாதிதான் திறந்தான்.

"அவர் படிக்கச் சொன்னப்ப உங்களைத்தான் பாத்தேன், மிஸ்."

"தெரியும் டெல்மர்."

"தெரிஞ்சுமா?"

அவன் கதவைச் சாத்தினான்.

விழாவில் வெர்னா அவன் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.