சந்தனத்தில் நின்ற கத்தி

அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து அந்தக் கத்தியோடு போராடிக்கொண்டிருந்தான். பிடியின் அடியில் ஒரு துளை இருந்தது. கயிறு கோர்த்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்வதற்கான துளை. நைலான் நூலை எச்சில் தொட்டு முறுக்கி நுழைத்துப் பார்த்தான். அண்ணியிடம் ஊசி வாங்கிக் குத்திப் பார்த்தான். போகவில்லை.

"இன்னாடா இது, ஓட்டை கீது, உள்ள போவ மாட்டேங்குது. அழுக்கு எதுனா அட்ச்சிக்கினு கீதா பாரு. நீதான் கத்தி ஆபீஸ்ல கீறியே."

பாண்டிபஜார் நடைபாதையில் அன்று வாங்கியதாம். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அது துளையே இல்லை. பள்ளம். அடுத்த பக்கத்திலும் அதேபோல ஒரு பள்ளம். நடுவில் உலோகம் அப்படியே இருந்தது.

எங்கள் வீட்டில் காலேஜ் வரை போன முதல் ஆள் நான். நான் படிக்கவேண்டும் என்று அண்ணன் எட்டாவதோடு நின்று சவுக்குக்கட்டையில் ஏறினான்; இன்றைக்கும் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் பந்தல் போடுகிற வேலைதான் அவனுக்கு. எனக்குக் கிடைத்த வேலை தியாகராய நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில், ஜவுளிக் கிடங்குக்கு மேல் மாடியில். அட்டைப் பெட்டிகளில் பெயரில்லாத மடக்குக் கத்திகள் வந்து இறங்கும். லேசர் மெஷினில் வைத்தால் வெட்டுகிற தகட்டில் பெயர் விழும். ஒரே கத்திக்கு நான்கு பெயர்கள். ஒன்று ஜெர்மன்காரன் பெயர் மாதிரி இருக்கும், ஒன்று பட்டாளத்துப் பெயர் மாதிரி. மற்ற இரண்டும் முதலாளி மகனின் யோசனை. நான்கும் ஆன்லைனில் ஒன்றோடொன்று போட்டிபோட்டு விற்கும். மிஞ்சியது நடைபாதைக்குப் போகும். வாங்கியவர்கள் எழுதும் புகாரைப் படித்துப் பதில் போடுவது என் வேலை.

புகாரோடு படமும் வரும். பெரும்பாலும் ஆட்காட்டி விரல். துணி சுற்றியது, தையல் போட்டது, சில சமயம் எதுவும் சுற்றாதது.

எங்களுடையது நகல்; அசல் கத்தி ஒரு வெளிநாட்டுக் கம்பெனியுடையது. அதைத் திறந்ததும் பிடிக்குள்ளிருந்து மெல்லிய பட்டை ஒன்று நகர்ந்து வந்து, தகட்டின் பின்னால் முட்டுக்கொடுக்கும். அந்த முட்டு இருக்கும்வரை எவ்வளவு அழுத்தினாலும் கத்தி மடங்காது. எங்களுடையதிலும் பட்டை வரும். ஆனால் தகட்டின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்; அழுத்தினால் நழுவிவிடும், தகடு பிடித்திருக்கிற விரல்மேலேயே மடங்கும். படத்தைப் பார்த்துச் செய்தவனுக்குப் படத்தில் தெரிந்ததெல்லாம் வந்துவிட்டது, தெரியாதது வரவில்லை. துளை அவனுக்குக் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்திருக்கும். புள்ளியை வைத்துவிட்டான்.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவன் தகட்டைத் திருப்பிப் பெயரைக் காட்டினான்.

"பேரு பாரு. ஜெர்மன். உங்க ஆபீஸ் கத்தி வேற, இது வேற."

"அந்தப் பேரே நாங்க போட்டதுதாண்ணா."

தகட்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன். பல் ஆடுவதுபோல ஆடியது. அண்ணன் அதை வாங்கி ஒரு கையாலேயே திறந்து மூடினான். பந்தல்காரனுக்கு மேலே ஒரு கைதான் சொந்தம். இன்னொரு கை கட்டையைக் கட்டிப்பிடித்திருக்கும். கட்டைவிரலால் தள்ளினால் திறக்கிற கத்தி அவனுக்கு அவ்வளவு பெரிய வசதி.

மறுவாரம் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய் மடங்காத கத்தி ஒன்று, உறையோடு வாங்கிவந்தேன். அண்ணன் அதை உருவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"நல்ல கத்திதான் நைனா. இத்த இடுப்புல சொருவிக்கினு நான் கச்சேரி ரோட்ல போனா, போலீஸ்காரன் என்னிய பந்தல்காரன்னா சொல்லுவான்? அத்த மடக்குனா பாக்கெட்ல கம்முனு கெடக்கும். ஆயுத பூஜ போவட்டும், வேற பாக்கலாம்."

அவன் சொன்னதில் தப்பில்லை. என்னையும் மாம்பலம் ஸ்டேஷனில் பையைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். கழுத்தில் ஆபீஸ் அட்டையைப் பார்த்ததும் போ என்பார்கள். அண்ணன் கழுத்தில் அட்டை கிடையாது.

ஆயுத பூஜை வந்தது. கடப்பாரை, சுத்தி, கயிற்றுச் சுருள், என் லேப்டாப் எல்லாவற்றையும் அண்ணி வரிசையாக வைத்தாள். மடக்குக் கத்தியைத் திறந்து நடுவில் வைத்தாள். மற்றதுக்கெல்லாம் ஒரு பொட்டு. கத்திக்கு மட்டும், தகடு பிடியோடு சேர்கிற இடத்தில் சந்தனத்தை வழித்துப் பூசினாள். புருஷன் கையில் தினமும் இருக்கிற பொருள் அது. அதன்மேல் குங்குமம். பொரியும் கடலையும் சாப்பிட்டோம். வாசலில் அண்ணன் பூசணிக்காயை உடைத்தபோது உள்ளிருந்த குங்குமத் தண்ணீர் படி வரைக்கும் தெறித்தது.

மறுநாள் காலையில் கத்தியை எடுத்தவன் கூப்பிட்டான்.

"டேய், இங்க வா. ஆட்டிப் பாரு."

ஆட்டினேன். ஆடவில்லை. தகடு பிடியில் வார்த்ததுபோல நின்றது.

"சாமி டைட் பண்ணி குட்த்துட்டாரு பாத்தியா?"

இடுக்கில் உற்றுப் பார்த்தேன். சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து கல்லாகியிருந்தது. பட்டை மட்டும் பழைய இடத்திலேயே, ஓரத்தைத் தொட்டும் தொடாமலும்.

"சந்தனம்ணா. காஞ்சி நிக்கிது. தண்ணி பட்டா கரஞ்சிடும். குடு, கழுவிக் காட்றேன்."

அண்ணி குறுக்கே வந்தாள். "பூஜையில வெச்சத கழுவுவியா? ஏன்பா, உன் வாயில நல்லதே வராதா?"

நல்லதுதான் வரவேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். அந்த வருஷம் மழை தள்ளிப்போனது. எல்லாரும் வானத்தைப் பார்த்து வெயிலைத் திட்டினார்கள். நான் ஆபீஸ் ஜன்னலில் மேகம் தெரிந்தாலே எழுந்து நின்றேன். வீட்டில் கத்தி இன்னும் இன்னும் இறுகியதுபோலிருந்தது. சாமி இறுக்கியதை மடக்கக்கூடாது என்று அண்ணன் அதைத் திறந்தபடியே துணியில் சுற்றிக் கயிற்றுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். அண்ணன் முன்னைவிட அழுத்தி அறுக்க ஆரம்பித்திருந்தான். இரட்டைக் கயிறாக வைத்து ஒரே இழுப்பில் அறுத்துக் காட்டினான்.

எனக்கு வேறொரு பழக்கம் வந்தது. புகார்ப் படங்களில் விரலைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பின்னால் தெரிகிற சுவரைப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சுவர் பச்சை.

ஒருநாள் முதலாளியிடம் போய், அந்தப் பட்டையை மட்டும் சரியாகச் செய்யச் சொல்லலாமா என்று கேட்டேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார்.

"எந்தப் பேர்ல தம்பி புகார் அதிகமா வருது?"

"அந்த ஜெர்மன் பேர்லதான் சார்."

"அப்ப அந்தப் பேர எடுத்துருவோம். வேற ஒண்ணு நல்லதா யோசிச்சு வைங்க. படிச்ச புள்ளல்லா."

அவர் உண்மையிலேயே என்னைப் பாராட்டித்தான் சொன்னார்.

மழை ஒரு முகூர்த்த நாளுக்கு மறுநாள் பிடித்தது. காலையிலிருந்து விடவில்லை. தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் கல்யாணப் பந்தலைப் பிரிக்க அண்ணன் போயிருந்தான். போன் செய்தேன். மேலே இருக்கும்போது எடுக்கமாட்டான். தலைவலி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

நான் போனபோது பாதிப் பந்தல் இறங்கியிருந்தது. அண்ணன் குறுக்குக்கட்டையில் குந்தியிருந்தான். இடது கை கட்டையைச் சுற்றி. வலது கையில் கத்தி. மழை அவன் முழங்கையில் இறங்கி, கத்திமேல் ஓடி, கயிற்றில் வழிந்துகொண்டிருந்தது.

"அண்ணா! எறங்கு! கத்திய கீழ போட்டுடு!"

குனிந்து பார்த்தான். "இன்னாடா, ஆபீஸ் இல்லியா?"

ஏணியைப் பிடித்திருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி பந்திக்கு வந்துக்கீது. கல்யாணம் நேத்தே முடிஞ்சிட்ச்சிப்பா, வடை கூட மிச்சமில்ல."

அண்ணனும் சிரித்தான். "இந்த ஒரு கட்டுதான், வந்துட்றேன்." திரும்பி, நனைந்து உப்பிய கயிற்றில் கத்தியை வைத்து உடம்பால் அழுத்தினான்.

சத்தம் ஏதும் கேட்கவில்லை. கத்திதான் முதலில் விழுந்தது. என் காலருகே, தார்ப்பாய்மேல், மடங்கி விழுந்தது. எடுத்தேன். இடுக்கு பளிச்சென்று இருந்தது. சந்தனம் ஒரு பொட்டுகூட இல்லை. மேலே பார்த்தேன். அண்ணன் வலது கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் கட்டையை விடாமல், வாயைத் திறந்தபடி இருந்தான். தார்ப்பாயில் விழுந்த சொட்டுகள் விழும்போது சிவப்பாகவும், ஓடும்போது ரோஜா நிறமாகவும் இருந்தன.

ஆஸ்பத்திரியில் ஆட்காட்டி விரலின் நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். விரல் தங்கிவிட்டது. மடங்குமா என்று கேட்டதற்கு, போகப்போகத் தெரியும் என்றார்கள். இப்போது அண்ணன் ஜன்னல் கம்பியில் ஒரு துண்டுக் கயிற்றைக் கட்டிக்கட்டி அவிழ்க்கிறான். ஆட்காட்டி விரல் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. முடிச்சு பாதியில் நழுவுகிறது. முடிச்சு போடமுடியாத பந்தல்காரனை யாரும் கூப்பிடமாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும், அதைப் பற்றி மட்டும் நாங்கள் பேசுவதில்லை.

கத்தியை ஆற்றில் எறியப் போனேன். அண்ணி விடவில்லை. சாமிக்கு வைத்ததை எறிந்தால் இன்னும் என்னென்ன வருமோ என்று அழுதாள். அண்ணனும் அவள் பக்கம்தான்.

"அது இன்னாடா பண்ணும்? மழைல அறுத்தது என் தப்பு. கை சரியாவட்டும், அத்தியேதான் எட்த்துக்கினு போவேன்."

சாமி அலமாரியில், படங்களுக்கு முன்னால், கத்தி திறந்தபடி இருக்கிறது. நான் வாங்கிவந்த கத்தி உறையோடு பரண்மேல். வெள்ளிக்கிழமை தவறாமல் அண்ணி சந்தனம் வைக்கிறாள், அதே இடத்தில், விரல் சீக்கிரம் சரியாகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு.

நேற்று யாரும் பார்க்காதபோது எடுத்து ஆட்டிப் பார்த்தேன். அசையவே இல்லை.

"இன்னாடா," ஜன்னலருகிலிருந்து, கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல், அண்ணன் கேட்டான். "டைட்டா கீதா?"