பிரசங்கத்தின் சராசரி

கனடாவிலிருந்து அண்ணா ஒரு வரைபடக் கல்குலேட்டர் அனுப்பியிருந்தார். நான் திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குக் கணக்கு ரியூஷன் கொடுப்பவள். ஆனால் இங்கே பரீட்சை மண்டபத்துக்குள் அதை விடமாட்டார்கள். சும்மா கிடந்த சாமானை ஞாயிறு பூசைக்குக் கொண்டுபோனேன். வாராவாரம் ஃபாதரின் பிரசங்கம் எத்தனை நிமிடம் ஓடியது என்று அதில் பதிந்து வந்தேன்.

ஒருநாள் பூசை முடிந்து சனம் கலையும்போது, வாங்குப் பலகையில் இருந்தபடி பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருந்த என்னை ஃபாதர் பிடித்துவிட்டார்.

“கோயிலுக்குள்ளயும் போனோ, ரீச்சர்?”

“போன் இல்லை ஃபாதர். உங்கட பிரசங்கத்தின்ர சராசரி பாக்கிறன்.”

கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ குனிந்து திரையைப் பார்த்தார்.

“இருபத்தெட்டு நிமிஷமோ? இருக்க ஏலாது! திருநாளண்டு ஒரு மணித்தியாலம் கதைச்சனான். அதை எடுத்துப்போட்டுப் பாருங்கோ.”

எடுத்தேன். சராசரி இறங்கியது, அவர் முகம் மலர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

“நியம விலகல் இப்பவும் பெரிசுதான், ஃபாதர்.”

“அப்பிடியெண்டால்?”

“நீங்கள் எப்ப முடிப்பீங்கள் எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது.”

அடுத்த ஞாயிறு அவர் என்னையே பார்த்தபடி நாலே நிமிடத்தில் பிரசங்கத்தை முடித்தார். நான் நாலைப் பதிந்தேன். நியம விலகல் இன்னும் ஏறியது.

பிரசங்கம் தொடங்கியதும் துறைமுகக் காற்று வாங்க வெளியே போகும் ஆண்கள், வழக்கம்போல் அரை மணித்தியாலம் இருக்கிறதென்று நம்பி நின்றுவிட்டு, அன்று நற்கருணை நேரத்தில்தான் அடித்துப் பிடித்து உள்ளே வந்தார்கள். அவர்களில் ஒருவரான என் கணவர் மூச்சிரைக்க என் காதில் கேட்டார்:

“ஃபாதருக்குச் சுகமில்லையோ?”